கனடாவுக்கு நேர்ந்த கிடாய்

சின்னண்ணனுக்கு இடது முட்டி வலித்தது. லாரியில் காலமெல்லாம் கிளச்சை மிதித்த முட்டி. வண்டியை விற்றுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகும் அது மட்டும் இன்னும் லைனில் ஓடிக்கொண்டிருந்தது. மழை வந்தால் வலிக்கும். பனி விழுந்தால் வலிக்கும். வீட்டில் யாராவது வேலை சொன்னால் உடனே வலிக்கும். அன்றைக்கு வலித்ததற்குக் காரணம் கனடா.

மகள் தனப்பிரியா அங்கே வின்னிபெக் என்கிற ஊரில் இருந்தாள். தை மாதம் பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் இந்த நிலையில் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை தாய் வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய் வீடு பிள்ளையிடம் போக வேண்டியதுதான் என்று அவர் மனைவி பொன்னாத்தாள் முடிவு செய்துவிட்டாள். அவளுக்குப் பழனியைத் தாண்டி வழி தெரியாது. நடுவில் இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டும்.

"அம்மா தனியா வேண்டாங்கப்பா. நீங்க கூட்டியாங்க" என்று மகள் போனில் சொன்னாள். "நீங்க வர்றப்ப இங்க மைனஸ் முப்பது இருக்கும். தாங்குவீங்களா?"

"வடக்கு எனக்குப் புதுசா சாமி? நாக்பூரத் தாண்டினா எல்லாமே வடக்குத்தான். கனடா அதுல கொஞ்சம் தள்ளி இருக்குது, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டார். ஆனால் உள்ளே வேறு கதை. ஒரு தடவை ஆப்பிள் லோடு ஏற்ற இமாச்சலுக்குப் போய்ப் பனியில் மாட்டிக்கொண்டு, கேபினுக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு அழுதிருக்கிறார். அதைப் பார்த்த கிளீனர் இப்போது மேட்டூரில் மீன் கடை வைத்திருந்தான். அந்தப் பக்கமே சின்னண்ணன் போவதில்லை. அதோடு, ஸ்டியரிங் பிடித்தே பழகிய ஆளை ஒரு சீட்டில் கட்டிப்போட்டு, யாரோ ஓட்ட, பார்சல் மாதிரி ஒரு நாள் முழுக்கக் கொண்டு போவதை நினைத்தாலே கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

முடியாது என்று மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. பொன்னாத்தாளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்து, விசா வருமா வராதா என்று முட்டியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பொன்னாத்தாள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கரட்டு முனியப்பனிடம் போய், விசா வந்தால் பட்டியில் நிற்கிற கருங்கிடாயை வெட்டுவதாக வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டாள். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பது அவள் எண்ணம். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஆட்டு வியாபாரி வந்து கருங்கிடாய்க்கு நல்ல விலை கேட்டபோது, "தாரதில்லை" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவைத்தாள். இன்னும் விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறாள் போல என்று சின்னண்ணன் நினைத்துக்கொண்டார். பட்டியில் இருந்த கிடாய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பெட்டை ஆடுகள்.

அவர்கள் ஊரான சேந்தமங்கலத்தில் கனடா போகிற பெற்றோர் எல்லோரும் போகுமுன் ஜீவானந்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். மின்வாரிய ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்து, நாலு வருசமாக அந்த ஆறு மாதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குச் சின்னண்ணனும் பொன்னாத்தாளும் போனபோது, சட்டை இல்லாமல் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து, அது போதாமல் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்க சின்னண்ணா. அது பெரிய நாடு."

"எவ்வளவு பெருசு?"

"நம்ம நாட்ட மூணு மடங்கு பண்ணிக்க. ஆளுன்னு பாத்தா நம்ம தமிழ்நாட்டுல பாதி."

"மீதி எடத்துல என்ன பண்றாங்க?"

"ஒண்ணும் பண்றதில்ல. சும்மா கெடக்குது."

சின்னண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வரப்புக்காகப் பங்காளியோடு நாமக்கல் கோர்ட்டுப் படியைத் தேய்த்தவர். "சும்மான்னா? யாரும் வேலி போடலியா?"

"வேலி போட ஆளு வேணுமில்ல? அடுத்தது கேளு. ஹாரன் அடிக்கப்படாது."

"அவசரத்துக்கு?"

"அவசரத்துக்கும்."

"மாடு குறுக்க வந்தா?"

"மாடு வராது. மானு வரும். எருமையாட்டம் இருக்கும்."

"அதுக்காச்சும் அடிக்கலாமா?"

"அது நான் கேக்கல" என்றார் ஜீவானந்தம். "நாலு ரோடு சேர்ற எடத்துல போர்டு வெச்சிருப்பான். நின்னு பாத்துட்டுத்தான் போவோணும். எதுத்தாப்புல ஒருத்தருமே இல்லீன்னாலும் நிக்கோணும்."

"போலீசு நிப்பானா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு நிக்கறான்?"

"நிக்கறான். அவ்வளவுதான்."

"பாவம்" என்றார் சின்னண்ணன். "வண்டி ஓட்டத் தெரியாத சனம் போலிருக்குது."

பொன்னாத்தாள் குறுக்கே புகுந்தாள். "அண்ணா, பெத்தவளுக்கு வெந்தண்ணி ஊத்தறதுக்கு அங்க அண்டா இருக்குமுங்களா?"

"கொழாயத் திருப்புனா வெந்தண்ணியே வரும் தாயீ."

"அப்ப குளுருங்கறீங்க?"

"குளுரு வெளிய. உள்ள வெக்கை. ஊட்டுக்குள்ள பனியனோட திரியறான். வெளிய போவோணும்னா பொணத்தச் சுத்தறாப்பல துணி சுத்திக்கறான். ஏரியெல்லாம் கல்லாட்டம் கெட்டியாயிருது. அது மேல லாரி ஓட்றாங்க."

சின்னண்ணன் முட்டியைத் தேய்ப்பதை நிறுத்தினார். "எது மேல?"

"ஏரி மேல."

"காலி வண்டியா?"

"லோடு வண்டி. பதினெட்டுச் சக்கரம். வடக்க ரோடு இல்லாத ஊருக்கெல்லாம் அப்பிடித்தான் சாமான் போவுது."

"மேட்டூர் டேம் தண்ணி மேல நான் லாரிய ஏத்துன மாதிரி?"

"ஆமாங்கறேன்."

"ஜீவானந்தம், நீ மூளைய அந்தக் குளுருலயே உட்டுப்போட்டு வந்திட்ட."

"நம்பாட்டிப் போ."

சின்னண்ணன் வலது காலால் தரையை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். பிறகு, "பிரேக் அடிச்சா என்னாவும்?" என்று கேட்டார்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் கரண்டு ஆபீசு."

கிளம்பும்போது ஜீவானந்தம் பீரோவைத் திறந்து ஒரு சிவப்பு ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். மெத்தையைச் சுருட்டித் தைத்தது போல இருந்தது. பாச்சை உருண்டை வாசம் அடித்தது. "இது நாலு தடவ கனடா போயிட்டு வந்துது. பாஸ்போர்ட்டே இல்லாம" என்றார். ஊரில் போகிற ஆம்பிளைகள் எல்லோருக்கும் அது ஒன்றுதான். போட்டுவிட்டுத் துவைத்துத் திருப்பித் தர வேண்டும். பைக்குள் கையை விட்டால் யாரோ வைத்த திருநீற்றுப் பொட்டலமும் பாதி தின்ற புளிப்பு மிட்டாயும் இருந்தன. ஜீவானந்தம் ஒல்லி. சின்னண்ணனுக்கு ஜிப்பு தொப்புளுக்கு மேல் ஏறவில்லை.

"போறதுக்குள்ள எளச்சிருவ" என்றார் ஜீவானந்தம். "ஆனா ஒண்ணு. பழக்கம் இல்லாம அந்தக் குளுருக்குள்ள எறங்குனா மூச்சு அடச்சுக்கும். ஒரு தடவ இங்கயே பாத்துட்டுப் போயிருங்க."

அதற்கும் இடம் இருந்தது. பொன்னாத்தாளின் அண்ணன் மகன் ஜெகதீஸ்வரன், நாமக்கல் தாண்டி ஒரு கோழிக்கறிக் கம்பெனியில் சூப்பர்வைசர். கறியை உறைய வைக்கிற பிரீசர் ரூம் அவன் பொறுப்பில் இருந்தது. மைனஸ் பதினெட்டு.

"கனடாவுல பாதி, மாமா. சும்மா சித்த நேரம் இருந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனான்.

பொன்னாத்தாள் முதலில் போனாள். சேலைக்கு மேல் ஒரு கம்பளி, தலைக்கு ஒரு துண்டு. ஊர்ச் சந்தைக்குள் நுழைவது போல நுழைந்து, ரூமைச் சுற்றி வந்து, அட்டைப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள். "ஏன் சாமி, கோழிக்காலு இத்தன சின்னதா இருக்குது? தீவனம் போடறதில்லையா?" என்று ஜெகதீஸ்வரனைக் கேட்டாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

இனிச் சின்னண்ணன் போகாமல் இருக்க முடியாது.

ஜிப்பு போடாத ஜாக்கெட்டோடு உள்ளே போய், உறைந்த கோழிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். கதவில் தொங்கிய பிளாஸ்டிக் பட்டைகளுக்கு வெளியே, கூடவே வந்திருந்த ஜீவானந்தம் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப நீ ஏர்போர்ட்டுல இருந்து வெளிய வந்திருக்கற. மூக்கால மூச்சு இழு. வாயத் தொறக்காத."

பெட்டி தூக்குகிற பையன்கள் இரண்டு பேர் போகிற போக்கில், "என்னுங்க, கனடா வந்திருச்சுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர்கள் போட்டிருந்தது ஒரு சாதா ஸ்வெட்டர்.

முதலில் வயிறு விறைத்தது. பிறகு காது. அப்புறம் முட்டிக்குள் யாரோ வீல் ஸ்பேனரை விட்டுத் திருகினார்கள். கண்ணில் நீர் வந்தது. அது இமையிலேயே நின்றது. இமாச்சல் ஞாபகம் வந்தது. இங்கே இந்தக் கோழிகளுக்கு நடுவில் அழுதால் மேட்டூர் மீன்கடைக்காரன் ஒருத்தனோடு முடியாது, ஊரே சொல்லும்.

"கரட்டு முனியப்பா" என்று மனசுக்குள் கூப்பிட்டார். "நான் உங்கிட்ட எதையும் கேட்டதில்ல." அது பொய். லாரி எடுத்த ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறார். "இந்த விசா மட்டும் வராமப் பண்ணிப்போடு. எங்கூட்டுக் கருங்கிடாய உனக்கே உட்டர்றேன்."

விசா வராவிட்டால் பொன்னாத்தாளும் போக முடியாது. அந்த நினைப்பு வரத்தான் செய்தது. அவள் முகமும் வந்தது. முட்டி வலியில் அது ரொம்ப நேரம் நிற்கவில்லை.

வெளியே வந்தபோது மீசை வெள்ளையாக இருந்தது. "எப்பிடிங்க மாமா?" என்று ஜெகதீஸ்வரன் போனை நீட்டிக்கொண்டு கேட்டான். படம் எடுக்கிறான் என்று தெரிந்தது.

"இது ஒரு குளுரா?" என்றார் சின்னண்ணன். பல் அடிப்பது தெரியாமல் இருக்க மெதுவாகச் சொன்னார். "பேன் போட்டாப்பல இருக்குது."

அந்தப் படம் அன்றைக்கே கனடா போய்விட்டது. தனப்பிரியா அழுதுகொண்டே போன் பண்ணினாள். "எங்கப்பா தாங்கிட்டாரு. இனி எனக்குப் பயமில்ல" என்றாள். சின்னண்ணன் போனைப் பொன்னாத்தாளிடம் கொடுத்துவிட்டு, முட்டிக்குத் தைலம் தேய்க்கப் போனார்.

கார்த்திகை மாதத்தில் விசா வந்தது. இரண்டு பேருக்கும்.

மருமகன் கவின் அன்றைக்கே டிக்கெட் போட்டான். பொன்னாத்தாள் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து எழுந்து, "ஞாயித்துக்கெழம கெடா வெட்டு. ஒறம்பரை சொந்தம் எல்லாத்துக்கும் சொல்லிப்போடுங்க" என்றாள்.

"எந்தக் கெடா?"

"எத்தன கெடா கட்டி வெச்சிருக்கறீங்க? கருங்கெடாதான். விசா வந்தா தாரேன்னு முனியப்பங்கிட்ட அப்பவே சொல்லிப்போட்டேன்."

சின்னண்ணன் பட்டிப் பக்கம் போய்க் கிடாயைப் பார்த்தார். யோசித்துப் பார்த்தால் வழக்கு எளிதாகத்தான் இருந்தது. வராமல் பண்ணு என்று அவர் கேட்டார். சாமி பண்ணவில்லை. வரவழை என்று அவள் கேட்டாள். சாமி செய்துவிட்டது. ஆகவே கிடாய் அவள் கணக்கு. தன்னுடைய வேண்டுதல் தள்ளுபடி. இதில் வெளியே சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

கரட்டு முனியப்பன் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே, கூரை இல்லாமல், பனைமர உயரத்துக்கு மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லிமலைப் பக்கம் பனி இறங்கி நின்றது. நாமக்கல்லுக்கு அது குளிர். சனமெல்லாம் காதுக்குத் துண்டு கட்டிக்கொண்டு வந்திருந்தது. ஒரு பக்கம் அடுப்பு மூட்டி, மசாலா அரைத்து, வெங்காயம் உரித்து, கறிக்காக அண்டா காத்திருந்தது. மாலை போட்டு விரதம் இருந்த இரண்டு சாமிகள் மட்டும் வாசம் வராத தூரத்தில் நின்று, வாசம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூசாரி வீரபாகு. மற்ற நாளில் தீவன வேன் ஓட்டுகிறவர். கிடாய்க்கு மாலை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, சாமிக்கு முன்னால் நிறுத்தினார். இங்கே முறை இதுதான். மஞ்சள் தண்ணீரைக் கிடாயின் தலையில் ஊற்ற வேண்டும். அது உடம்பை ஒரு உதறு உதறித் துளுக்க வேண்டும். துளுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். துளுக்காமல் அரிவாளைத் தொடக்கூடாது.

முதல் சொம்பு ஊற்றினார். கிடாய் அவரைப் பார்த்தது.

இரண்டாவது சொம்பு. கழுத்தில் கிடந்த மாலையில் ஒரு பூவைப் பிடுங்கித் தின்றது.

மூன்றாவது சொம்பு. தண்ணீர் காதிலிருந்து சொட்டச் சொட்ட, மீதி மாலையையும் தின்றது.

"காதுக்குள்ள ஊத்துங்க பூசாரி" என்றார் ஒருவர்.

"முதுகுல ஊத்துங்க."

"குளுருக்குப் பழகின கெடா போலிருக்குது" என்றான் ஜெகதீஸ்வரன். "மாமனுக்குப் பதிலா இதைக் கூட்டிட்டுப் போங்க அத்தை."

பொன்னாத்தாள் சிரிக்கவில்லை. நான்காவது சொம்புக்கும் கிடாய் அசையவில்லை. வீரபாகு சொம்பைக் கீழே வைத்தார்.

"சாமி மனசு ஒப்பல. யாரோ பாக்கி வெச்சிருக்கறீங்க. ஒறம்பரை எல்லாருந்தான் கேக்கறேன். இருந்தாச் சொல்லிப்போடுங்க. மனசுல வெச்சுட்டு நிக்காதீங்க."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. ஒரு அம்மாள், தான் ஒரு மணி கட்ட வேண்டும் என்றாள். ஒருவர், மொட்டை ஒன்று பாக்கி என்று தலையைத் தடவினார். ஜீவானந்தம் தொண்டையைக் கனைத்தார். "நான் கனடாவுல இருந்து நல்லபடியா வந்தா ஒரு சேவல்னு சொல்லியிருந்தேன்."

"நாலு வருசமாவா?" என்றார் வீரபாகு.

"நல்லபடியா வந்தனான்னு டாக்டரு இன்னும் சொல்லல."

கிடாய் துளுக்கவில்லை.

பொன்னாத்தாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "சாமி உத்தரவு இல்லாம நான் பிளேன் ஏற மாட்டேன்" என்றாள். "டிக்கெட் போனாப் போவட்டும். வெட்டறேன்னு சொன்ன வாயி இது. வாங்க மாட்டேங்குது சாமி. எதுக்கோ போவாதீங்குது." பிறகு குரல் இறங்கியது. "அப்ப எம்புள்ள அங்க ஒத்தையிலதான் பெக்கோணுமா?"

சின்னண்ணனுக்கு முட்டி வலித்தது. இந்தத் தடவை அது வேலை சொன்னதற்காக வந்த வலி இல்லை. போனில் மகள் அழுதது காதில் விழுந்தது. பொன்னாத்தாள் பொதுவாக அழுகிறவள் இல்லை. அழவும் இல்லை. மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் அவரால் பார்க்க முடியவில்லை.

"பூசாரி" என்றார். "நான் ஒண்ணு வேண்டியிருந்தேன்."

"என்ன?"

"இதே கெடாய."

"எதுக்கு?"

"விசா வராம இருக்கறதுக்கு."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பொன்னாத்தாள் மெதுவாக எழுந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"குளுருல கேட்டுப்போட்டேன் பொன்னா. அந்தக் கோழி ரூமுல."

"பேன் போட்டாப்பல இருக்குதுன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன்."

"எம்புள்ள வலியெடுத்துக் கெடக்கற நேரத்துல நான் இங்க ஆட்டுக்குத் தழை ஒடிச்சுட்டு இருக்கோணும். உங்க முட்டி கதகதன்னு இருக்கோணும். அதுக்கு எங்கெடாயவே குடுக்கறீங்க!"

"வேற கெடா இல்லியே" என்றார் சின்னண்ணன். உண்மையைத்தான் சொன்னார். கூட்டம் சிரித்துவிட்டது. அவருடைய பங்காளி, வரப்பு வழக்கில் தோற்றவர், எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

வீரபாகு கையைத் தூக்கிச் சத்தத்தை அடக்கினார். "சின்னண்ணா, நீ லாரிக்காரந்தானே? ஒரே லோட ரெண்டு பேரு புக்கிங் பண்ணியிருக்கறீங்க. அவ அனுப்புங்கறா, நீ நிறுத்துங்கற. சாமி என்ன பண்ணும்? வண்டிய ஓரங்கட்டிப்போட்டு உக்காந்திருக்குது. உன்ற வேண்டுதல வாபஸ் வாங்கு. வாயத் தொறந்து, எல்லாரு காதுலயும் உழுவறாப்பல."

சின்னண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாமிக்கு முன்னால் போய், கிடாய்க்குப் பக்கத்தில் நின்றார். முனியப்பன் மேலேயிருந்து முழித்துப் பார்த்தார்.

"பயந்துதான் கேட்டேன்" என்றார். "அத நீ கணக்குல வெச்சுக்காத. எம்புள்ள பக்கத்துல இவ இருக்கோணும். நான் கொண்டு போயிச் சேத்தறேன். முட்டி வலிச்சா வலிச்சுட்டுப் போவுது." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "அங்க ஏரி மேல லாரி போவுதாமா. நெசமான்னு பாத்துட்டு வந்தர்றேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

தீட்டுப் போகட்டும் என்று வீரபாகு ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சின்னண்ணன் தலையில் கவிழ்த்தார். அந்த நேரம் பார்த்து மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. சின்னண்ணன் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரு உதறு உதறினார். தண்ணீர் சுற்றி நின்றவர்கள் மேலெல்லாம் தெறித்தது.

"துளுக்கிருச்சு!" என்று பின்னால் நின்ற யாரோ கத்தினார்கள்.

பழக்கதோஷத்தில் பறை அடிக்கிறவர்கள் அடித்துவிட்டார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். அரிவாளோடு தயாராக நின்றவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். சின்னண்ணன் முட்டி வலியை மறந்து இரண்டு முழம் தாண்டிக் குதித்தார்.

வீரபாகு சாமியைப் பார்த்தார், சின்னண்ணனைப் பார்த்தார். "உத்தரவு குடுத்திருச்சு" என்றார்.

"கெடாய்க்கா?" என்று பொன்னாத்தாள் கேட்டாள்.

"சின்னண்ணனுக்கு."

"அப்ப மாமன வெட்டிரலாமுங்களா?" என்றான் ஜெகதீஸ்வரன்.

"வேண்டாஞ் சாமி" என்றாள் பொன்னாத்தாள். "டிக்கெட் போட்டாச்சு."

அதற்குப் பிறகுதான் அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "ஊட்டுக்கு வாங்க, உங்களுக்குத் தனியா இருக்குது" என்றும் சொன்னாள்.

கிடாய்க்கு இன்னும் இரண்டு சொம்பு ஊற்றிப் பார்த்தார்கள். கண்ணை மூடி அசை போட்டது. "போறதுக்குத்தான் சாமி உத்தரவு. வாங்கறதுக்கு இன்னும் இல்ல. போயிட்டு வந்து குடுங்க, எங்க போயிரும்" என்று வீரபாகு முடித்துவிட்டார். கறிக்கு அரைத்த மசாலா அப்படியே இருந்தது. ஜெகதீஸ்வரன் பைக்கை எடுத்துக்கொண்டு போய், தெரிந்த பண்ணையிலிருந்து தட்டுத் தட்டாக முட்டை கொண்டுவந்து இறக்கினான். கிடாய் விருந்துக்கு வந்த சனம் முட்டைக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, சின்னண்ணன் துளுக்கியதைப் பேசிக்கொண்டே வேன் ஏறிப் போனது.

வின்னிபெக் ஏர்போர்ட்டில் கதவு தானாகத் திறந்தபோது சின்னண்ணன் மூக்கால் மூச்சை இழுத்தார். மூக்கு மயிர் முள்ளாக நின்றது. ஜிப்பு இன்னும் தொப்புளோடுதான் இருந்தது. உடம்பு ஒரு தடவை உதறியது. பொன்னாத்தாள் திரும்பிப் பார்த்து, "துளுக்கிருச்சு" என்றாள். கூட்டிப் போக வந்திருந்த கவினுக்கு ஒன்றும் புரியவில்லை.

பிரசவ அறைக்குள் பொன்னாத்தாள் போனாள். வலி எடுத்தபோது தனப்பிரியா பிடித்துக்கொண்டது அவளுடைய கையைத்தான். மணிக்கட்டில் நகம் பதிந்த தடத்தை வெளியே வந்து எல்லோருக்கும் காட்டினாள். பெண் குழந்தை. குழாயைத் திருப்பினால் வெந்நீர் வந்தது. ஜீவானந்தம் அந்த ஒன்றில் பொய் சொல்லவில்லை.

இன்னொன்றிலும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்த பிறகு ஒரு பகலில் கவின் மாமனாரைக் காரில் ஏற்றி, ஆளே இல்லாத நாற்சந்திகளில் நின்று நின்று, ஏரிக்குக் கொண்டுபோனான். கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெள்ளைக்காடு. அதன் மேல் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில் லாரி ஒன்று, பின்னால் ஏதோ ஏற்றிக்கொண்டு, அவசரம் இல்லாமல் நகர்ந்தது. சின்னண்ணன் இறங்கி, கிளச்சு மிதிக்கிற காலால் பனிக்கட்டியை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். முட்டி வலித்தது. அவர் நகரவில்லை. லாரி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்றார்.

"பிரேக்கே அடிக்கல பாத்தயா மாப்ள" என்றார். "கியர்லயே கொண்டு போறான். நல்ல டிரைவரு."

இருட்டிய பிறகு வீடு திரும்பியபோது, ஊரில் பொழுது விடிந்து ஜெகதீஸ்வரன் வீடியோவில் கூப்பிட்டிருந்தான். பிள்ளையைப் பார்த்துவிட்டு, போனைத் திருப்பிப் பட்டியைக் காட்டினான். கருங்கிடாய் கன்றுக்குட்டி கனத்துக்கு ஊதி நின்றுகொண்டு, வேலிக்கு வெளியே தலையை நீட்டிப் பங்காளி காட்டு அவரையைத் தின்றுகொண்டிருந்தது.

"அத்தை, பங்காளி சத்தம் போடறாரு. ஜாக்கெட்டுக்கும் அடுத்த ஆளு காத்துட்டிருக்காருங்க. எப்ப வாரீங்க?"

பொன்னாத்தாள் பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கிடாயைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது" என்றார் சின்னண்ணன். "முனியப்பனுக்கு ஒரு கருங்கெடா பாக்கி."